கண்ணை மூடாத ஜெபம்

ஊர் வந்து சேர்ந்த அன்று மத்தியானம் மைனி மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளைக் கறி வைத்திருந்தாள். மைனி என்றால் என் அண்ணன் மனைவி. கடியப்பட்டணத்திலிருந்து பைக்கில் மீன் கொண்டுவருகிறவரிடம் முந்தின நாளே சொல்லிவைத்து வாங்கிய சாளை. நானும் என் வீட்டுக்காரரும் விமானத்தில் தந்த ரொட்டியைத் தவிர வேறொன்றும் தின்றிருக்கவில்லை. உள் அறையில் அப்பா மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் விழிப்பதற்குள் சாப்பிட்டு முடித்துவிடலாம் என்று எல்லோரும் உட்கார்ந்தோம்.

"மீன் பாத்து வாங்கியிருக்காவ. இந்த வீட்ல எல்லாருக்கும் சுகம் இருக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்த்து.

"ம்" என்றேன் நான். இரண்டு பேரும் தட்டில் கை வைத்தோம்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான், என்ன, வேறு யாரும் சாப்பிடுகிற சத்தமே இல்லையே என்று நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன், மைனி, அவர்கள் மகள் மூன்று பேரும் கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள். தூரத்திலிருந்து வந்தவர்கள் ஜெபிப்பார்கள் என்று காத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அதுதான் மரியாதை. அண்ணன் மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தார். என் வாய் நிறைய மரச்சீனி.

"முந்தியெல்லாம் உன்ன நிறுத்தணும்னாதான் கஷ்டம்" என்றார் அண்ணன். "இப்பம் ஜெபிக்காமலே எறங்குதா தொண்டையில?"

பிறகு அவரே நாலு வார்த்தை ஜெபித்து முடித்தார்.  மைனி என் தட்டில் இன்னும் இரண்டு மீனை வைத்தாள். மைனி பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. நாங்கள்தான் ஜெபித்துவிட்டோமே.

அதை எப்படிச் சொல்ல? எங்கிருந்து தொடங்க?

நாங்கள் வேலை பார்க்கும் நாட்டின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது, கை வரவில்லை, அவ்வளவுதான். அங்கே ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் என் வீட்டுக்காரர் கட்டடப் பொறியியல் நடத்துகிறார். நான் ஆங்கிலம். எங்கள் விசாவில் ஆசிரியர்கள் என்றுதான் இருக்கிறது. ஆசிரியர்கள்தான், பொய்யில்லை. வகுப்பு எடுக்கிறோம், வினாத்தாள் தயாரிக்கிறோம், விடைத்தாள் திருத்தித் திருத்திக் கழுத்து வலி வாங்கியிருக்கிறோம். ஆனால் அதற்காக மட்டும் போகவில்லை. மிஷனரி என்று சொல்லிக்கொண்டு உள்ளே கால் வைக்க முடியாத நாடு அது. படிப்பிக்கப் போகிறவர்களுக்குக் கதவு திறக்கும். அப்படிப் போய், பிள்ளைகளுக்கு நன்றாகப் படிப்பித்து, வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டு, அவர்களாக வாய் திறந்து கேட்டால் மட்டும் பதில் சொல்வது. இதுதான் ஊழியம். கேட்டவர்கள் உண்டு. யார், என்ன என்று அதையும் எழுத மாட்டேன்.

புறப்படும் முன் எங்களை அனுப்பிய ஐக்கியத்தார் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். கண்ணை மூடக் கூடாது. கை கூப்பக் கூடாது. தலையில் முந்தானை இழுக்கக் கூடாது. பாட்டை முணுமுணுக்கக் கூடாது. வேதாகமத்து வார்த்தைகள் தமிழில்கூட வாயில் வரக் கூடாது, ஏனென்றால் தமிழோ மலையாளமோ தெரிந்த ஆள் இல்லாத ஊர் உலகத்தில் கிடையாது. ஜெபிக்க வேண்டுமானால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வீட்டு விஷயம் பேசுவதுபோல் பேசுங்கள், கேட்க வேண்டியவர் கேட்பார் என்றார்கள். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இதெல்லாம் நமக்கு ஒத்துவருமா என்று வீட்டுக்காரர் காதில் சொன்னேன்.

ஒத்துவந்தது. அதுதான் சங்கடம்.

எங்கள் குடியிருப்பில் சுவர் என்பது பேருக்கு. அடுத்த வீட்டு விரிவுரையாளர் அம்மாள் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். நல்ல அம்மாள், ரொட்டி சுட்டால் எங்களுக்கும் ஒரு பங்கு கொண்டுவருவாள். வெளிநாட்டுக்காரர்கள் வீட்டில் யார் வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று மேலே சொல்வதும் அவள் வேலையில் சேர்ந்தது. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வாசல் காவல்காரரிடம் எங்கள் வீட்டுச் சாவி இன்னொன்று இருந்தது. சூடாக்கும் குழாயைப் பார்க்க வந்தேன் என்று எந்த நேரமும் திறந்துகொண்டு வருவார்.

ஆகவே சாயங்காலம் கையில் தேநீர்க் கோப்பையோடு அடுக்களையில் நிற்போம். "அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு வாய்மொழித் தேர்வு. பயப்படாம பேசணும்" என்பார் அவர். நான் "ம்" என்பேன். "அவனுக்க அப்பா அவன அடிக்காம இருக்கணும்" என்பேன் நான். அவர் "ம்" என்பார். அந்த "ம்"தான் ஆமென்.

முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் "வெந்நீர்க் குழாய் சரியாகணும்" என்றார். நானும் "ம்" என்றேன். பிறகு பார்த்தால் பச்சைத் தண்ணீரிலேயே குளித்துக்கொண்டிருக்கிறோம்.

"ஆளக் கூப்பிடச் சொல்லி உங்கிட்டதானே சொன்னேன், ஏட்டி?" என்றார்.

"நான் ஜெபம்னு நெனச்சேன்" என்றேன்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்த முதல் வருஷம் அப்படி நிறையச் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு குறைந்தது. எது ஜெபம், எது வீட்டுப் பேச்சு என்று எனக்கே தெரியாமல் போன காலம் ஒன்று வந்தது. தெரியாமல் போனதைப் பற்றிக் கவலைப்படாமல் போன காலம் அதற்குப் பிறகு வந்தது. வகுப்பில் நாள் முழுக்க "சத்தமாகச் சொல்லுங்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள்" என்று பிள்ளைகளை அதட்டுகிறவள் நான். என் தொண்டையில் ஒரு இடம் அடைத்துக்கொண்டது எப்போது என்று எனக்கே தெரியாது. வலிக்கவில்லை. வலித்திருந்தால் கவனித்திருப்பேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். களியக்காவிளைச் சந்தைப் பக்கம் மலஞ்சரக்குக் கடை வைத்திருந்தார். மிளகு, சாதிக்காய், பாக்கு. சபையில் அவருக்கு ஜெபக்காரர் என்றுதான் பேர். ஆராதனையில் பொது ஜெபத்துக்கு அவர் எழுந்தாரானால் பிள்ளைகளெல்லாம் பெஞ்சில் சாய்ந்து தூங்க இடம் பார்ப்போம். ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள், பரீட்சை எழுதுபவர்கள், கடலில் போனவர்கள், வளைகுடாவில் வேலை கிடைக்காமல் நிற்பவர்கள், எல்லோரையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் ஆமென் வரும். கடையில் தேநீர் வந்தால்கூடக் கண்ணை இறுக்க மூடி, நெற்றியைச் சுருக்கி, ஆறிப்போகும் வரை ஜெபித்துவிட்டுத்தான் குடிப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கப் பழகியவள் நான். வாலிபர் கூட்டத்தில் நான் ஜெபித்தால், "அப்பனுக்க மோளு தப்பாம இருக்கு" என்பார்கள். அப்பாவுக்கு அதைக் கேட்டால் போதும், அன்றைக்கு இரவு சோறே வேண்டாம்.

நாங்கள் எதற்காகப் போகிறோம் என்று ஊரில் தெரிந்தவர்கள் அப்பாவும் அப்போதைய போதகரும் மட்டும். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அண்ணனிடம்கூடச் சொல்லக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லியிருந்தோம். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போனால் போதும், அங்கே யாரோ ஒரு பிள்ளையின் கதை முடிந்தது. அப்பா சரி என்றார். போதகர் மாற்றலாகிப் போனார். அதன்பிறகு அப்பா ஒருவர்தான்.

ஊர் சும்மா இருக்குமா? "உங்க மோளுக்க ஊழிய வாஞ்சையெல்லாம் டாலரப் பாத்ததும் போயிட்டுது போல" என்று கடையில் வந்து சொல்வார்களாம். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு மிளகு நிறுப்பாராம். இதை எனக்குச் சொன்னது மைனி, ஒரு நாள் வீடியோ அழைப்பில், அவளுக்கும் அதில் உடன்பாடுதான் என்பது தெரிகிற மாதிரி. அண்ணனுக்கும் அப்படித்தான். வயதான அப்பாவைத் தன் தலையில் கட்டிவிட்டுச் சம்பாதிக்கப் போய்விட்டாள் என்று. அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, மறுக்க முடியவில்லை.

அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தொலைபேசியில் பேசி முடிக்கும்போது, "மக்கா, ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டு வை" என்பார். நான் நெட் சரியில்லை என்பேன். இல்லாவிட்டால் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்பேன். சில வருஷங்களில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். பேசி முடிந்தபிறகு திரையில் என்னைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் சும்மா இருப்பார். பிறகு வைத்துவிடுவார்.

அன்று சாப்பிட்டு முடித்து உள்ளே போனபோது அப்பா விழித்திருந்தார். மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தார். என்னைக் கண்டதும் கையை நீட்டினார். கை குளிர்ந்து கிடந்தது.

"வந்தியா மக்கா?"

"வந்தேன்பா."

"மருமோனும் வந்தாரா?"

"வந்திருக்காரு. சாப்பிட்டோம்."

கதவைப் பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

"இங்க பயமில்ல மக்கா" என்றார். "இங்க சத்தமாப் பண்ணலாம். ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

என்ன கேட்கிறார் என்று புரிந்தது. சரி என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. முதல் வார்த்தை என்ன, பிதாவே என்பதா, ஆண்டவரே என்பதா, அதுகூட எழும்பவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் அப்பாவின் போர்வையை நேராக்கினேன்.

"சாயங்காலம் எல்லாரும் வருவாவ" என்றார் அப்பா. "அப்பம் பண்ணு. அவியளும் கேக்கட்டு. எனக்க மோளு ஜெபிக்கியத எல்லாரும் ஒருக்கா கேக்கட்டு. எனக்கு அது போதும்."

"செரிப்பா" என்றேன்.

அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நாள் முதல் சபைக்காரர்கள் தினமும் சாயங்காலம் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பாடி ஜெபித்துவிட்டுப் போகிறார்கள் என்று மைனி சொன்னாள். அன்று வழக்கத்தைவிடக் கூட்டம். நாங்கள் வந்திருக்கிறோம் அல்லவா. பெண்கள் பாயில், ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில், இடம் இல்லாதவர்கள் வராந்தாவில். உபதேசியார் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். போதகர் இல்லாத நேரத்தில் சபையைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். மெலிந்த, தன்மையான மனிதர். பாடினார்கள். ஒரு சங்கீதம் வாசித்தார்கள். பிறகு உபதேசியார் என்னைப் பார்த்து, "இண்ணைக்கு மோளு ஜெபிக்கட்டு. அப்பா அதுக்காக்கும் காத்துக் கிடக்குது" என்றார்.

முந்தானைகள் தலைக்கு ஏறின. எல்லோரும் கண்ணை மூடினார்கள். அப்பாவும் மூடினார், நெற்றியைச் சுருக்கி, பழையபடி இறுக்கமாக.

நான் மூடவில்லை. மூட முடியவில்லை. அத்தனை பேர் ஒன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதைப் பார்த்ததும் என் பார்வை நேராக வாசலுக்குப் போனது. வாசலை யார் பார்க்கிறார்கள்? ஜன்னலை யார் பார்க்கிறார்கள்? என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் கண் திறந்திருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். என் அப்பா வீடு. வெளியே ரப்பர் மரங்கள், அண்ணனின் பைக், வந்தவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகள். தெரிந்து என்ன செய்ய? தொண்டைக்குத் தெரியவில்லையே.

நான் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பேசினேன். அப்பாவின் முகத்தைப் பார்த்து, சாதாரணக் குரலில்.

"அப்பாவுக்கு மூச்சு விட கஷ்டமா இருக்கு" என்றேன். "தல கொஞ்சம் ஒசந்து இருந்தா நல்லா இருக்கும். வலி இல்லாம இருக்கணும். பயப்படாம இருக்கணும். தனியா இருக்கோம்னு தோணக் கூடாது."

"ம்" என்றார் என் வீட்டுக்காரர்.

மைனி கண்ணைத் திறந்து, எழுந்து போய், இன்னொரு தலையணை கொண்டுவந்து அப்பாவின் தலைக்குக் கீழே வைத்தாள். ஒரு அக்கா தண்ணீர் டம்ளரை அப்பா பக்கம் நகர்த்தினாள். பிறகு இரண்டு பேரும் மறுபடி முந்தானையைத் தலைக்கு இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஜெபம் தொடங்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

என் ஜெபம் முடிந்திருந்தது.

 வராந்தாவில் ஒருவர் இருமினார். ஒரு குழந்தை ஏதோ கேட்டு, அதன் வாயைப் பொத்தினார்கள். கடைசியில் உபதேசியாரே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்து ஒரு நீண்ட ஜெபத்தைச் செய்து முடித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். போகும்போது பெண்கள் என் கையைப் பிடித்து, "பயணக் களைப்பு இருக்கும், என்ன?" என்றார்கள். அவர்கள் நல்லவர்கள். அதனால் நடந்தது ஒன்றும் மாறிவிடவில்லை.

அண்ணன் விடவில்லை. பின்வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"அவரு இதுக்காகத்தான் உயிரப் பிடிச்சிட்டுக் கிடந்தாரு. ஒரு ஜெபம். அதுக்கும் வாயில்லியா உனக்கு? வெளிநாட்டுல போய் எல்லாத்தையும் வித்துத் தின்னாச்சா?"

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று. அண்ணன் மோசமானவர் இல்லை. ஆனால் கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் அவரால் ஒன்றை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாது. அங்கே எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டுப் போகும் பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக வந்தது.

"மன்னிச்சுக்கோங்க அண்ணா" என்றேன்.

"எங்கிட்ட எதுக்கு?" என்றுவிட்டுப் போனார்.

எனக்கு அழ வேண்டும் என்று தோன்றவில்லை. குற்ற உணர்ச்சிகூட இல்லை. அண்ணன் அடித்திருந்தால்கூட, சரி, அடித்தார் என்று பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். பல் பிடுங்கும் முன் ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அப்படி. இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை.

மறுநாள் காலையில் அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்க நான்தான் உட்கார்ந்தேன். அண்ணன் ஆக்சிஜன் சிலிண்டர் மாற்ற மார்த்தாண்டம் போயிருந்தார். மைனி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். அப்பா முந்தின நாளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஒரு கரண்டி கொடுப்பேன், அவர் விழுங்கும் வரை காத்திருப்பேன், வாயைத் துடைப்பேன்.

பாதிக் கஞ்சியில் அவர் என்னை நேராகப் பார்த்தார். கண் நன்றாகத் திறந்திருந்தது.

"இந்தப் பிள்ளைக்கு அங்க மனசு விட்டுப் பேசதுக்கு ஒரு ஆளில்ல" என்றார். "ரெண்டும் தனியாக் கெடக்கு."

"எந்தப் பிள்ளைக்குப்பா?" என்றேன்.

"பயப்படாம இருக்கணும்" என்றார். "வாய்க்குள்ள அடச்சு வச்சதெல்லாம் ஒரு நாள் வெளிய வரணும். அதுவரைக்கும், அது சொல்லாம வச்சிருக்கியதெல்லாம் கேக்கணும்."

பேசும்போது மூச்சு வாங்கியது. சொல்லி முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நினைவு தடுமாறுகிறது என்று நினைத்தேன். இப்படி ஆகும் என்று டாக்டர் அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

"செரிப்பா, வாயத் தெறங்க. கஞ்சி ஆறுது" என்றேன்.

அவர் திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ எதிர்பார்ப்பது போலிருந்தது. நான் கரண்டியை உதட்டருகே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு வாயைத் திறந்து அந்தக் கஞ்சியை வாங்கிக்கொண்டார். அதற்குமேல் வேண்டாம் என்று தலையை அசைத்துத் தூங்கிப்போனார். மத்தியானம் மைனி சோற்றை இறக்கிக்கொண்டிருக்கும்போது அவர் மூச்சு நின்றிருந்தது.

அதன்பிறகு நடப்பதெல்லாம் எங்கள் ஊரில் தானாக நடக்கும். பந்தல்காரர் வந்தார். அப்பா சிரிக்கிற படத்தோடு ஃபிளெக்ஸ் முக்குக்கு முக்கு வந்தது. வளைகுடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்ப்பதற்காக நேரலைக்கு ஆள் வந்து முக்காலியில் கேமராவை நிறுத்தினார். நான் அவர்கள் காட்டிய இடத்தில் உட்கார்ந்தேன். அழவில்லை. பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

அடக்கத்துக்கு முன்னால் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பது வழக்கம். பிறப்பு, படிப்பு, கல்யாணம், சபையில் செய்த சேவை, கடைசி நேரம் எல்லாம் அதில் வரும். கடைசி நேரம் முக்கியம். ஆமென் என்று சொல்லிக் கண்ணை மூடினார் என்று ஒரு வரி இருந்தால் குடும்பத்துக்கே அது ஒரு ஆறுதல். ஜெபக்காரர் ஆயிற்றே, கட்டாயம் இருக்கும் என்று உபதேசியார் பேனாவோடு என்னிடம் வந்தார். கடைசியாகப் பேசியது என்னிடம்தான் என்று மைனி சொல்லியிருக்கிறாள்.

"கடைசியா என்ன சொன்னாரு மோளே? ஜெபிச்சாரா?"

"இல்ல" என்றேன். "நினைவு தவறிட்டுது போல. ஏதோ ஒரு பிள்ளையப் பத்திச் சொல்லிட்டிருந்தாரு."

"என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு."

அப்படியே சொன்னேன். இந்தப் பிள்ளைக்கு அங்க மனசு விட்டுப் பேசதுக்கு ஒரு ஆளில்ல. ரெண்டும் தனியாக் கெடக்கு. பயப்படாம இருக்கணும். வாய்க்குள்ள அடச்சு வச்சதெல்லாம் ஒரு நாள் வெளிய வரணும். அதுவரைக்கும், அது சொல்லாம வச்சிருக்கியதெல்லாம் கேக்கணும்.

எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர், "ம்" என்றார்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் முகம் போன போக்கில் எனக்கு விளங்கிவிட்டது. நாங்கள் வந்த அன்று சாயங்காலம் அத்தனை பேர் இருந்த அறையில், நான் தலையணை கேட்கவில்லை, ஜெபித்தேன் என்று இவரைத் தவிர அறிந்துகொண்ட ஒரே ஆள் என் அப்பா. தெரிந்துகொண்டு, ஆயுசு முழுக்க இறுக்க மூடிய கண்ணை மகளுக்காகத் திறந்து வைத்துக்கொண்டு, என் வழியிலேயே எனக்காக ஜெபித்திருக்கிறார். நான் எந்தப் பிள்ளை என்று கேட்டிருக்கிறேன்.

நினைவு தவறிவிட்டது என்று உபதேசியார் எழுதத் தொடங்கியிருந்தார். அப்படி எழுதாதீர்கள் என்று சொல்லலாம். சொன்னால் வேறு என்ன எழுத? கண்ணைத் திறந்துகொண்டு மகளைப் பார்த்து ஜெபித்தார் என்றா? அது என்ன ஜெபம், ஏன் அப்படி என்று கேட்பார்கள். கேமரா எங்களுக்கு நேரே நின்றது. எங்கள் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் வீடு, அவர்களும் இந்த நேரலையைப் பார்க்கலாம். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதானே.

"கடைசி நேரத்தில் நினைவு தவறிய நிலையில் இருந்து, அமைதியாக உயிர் நீத்தார்" என்று ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தபிறகு அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபம் போயிருந்தது. ஓய்ந்துபோயிருந்தார். சட்டை முழுக்கச் செம்மண்.

"ஊருக்கெல்லாம் ஜெபிச்ச மனுஷன்" என்றார். "கடைசியில ஒரு ஜெபம் இல்லாம போயிட்டாரே."

"ஜெபிச்சாரு அண்ணா."

அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"ஆரு கேட்டா?"

"நான் இருந்தேன்."

"அப்பம் நீ ஆமென் சொன்னியா?"

"இல்ல" என்றேன்.